எட்டணாவிலிருந்து கருத்தடை வரை: தெருநாயும் அரசின் பொறுப்பும்

1995-இல் சென்னை மாநகராட்சி ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொன்றுகொண்டிருந்தது. அந்த வேலை 1860 வாக்கிலேயே தொடங்கிவிட்ட ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாளுக்கு ஒரு நாய் என்ற அளவில் இருந்தது, நூறாண்டு முடிவதற்குள் இவ்வளவாகப் பெருகியது என்று ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பின் பழைய கணக்குகள் சொல்கின்றன. ஒரு கட்டத்தில், இத்தனை நாய்த்தோல் வீணாகப் போகிறதே என்று, சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் டையும் மணிபர்சும் செய்து பார்த்ததாக அந்த அமைப்பைச் சேர்ந்த டாக்டர் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார்.

கொல்வதில் இத்தனை ஒழுங்கு காட்டிய நிர்வாகம், கொன்றும் ஏன் குறையவில்லை என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கலாம் என்பதை அங்கே கிடைக்கும் தீனிதான் முடிவு செய்கிறது. பிரியாணிக் கடை எலும்பு, மூடி இல்லாத குப்பைத்தொட்டி, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, மீன் மார்க்கெட் கழிவு. இவை இருக்கும்வரை ஐந்து நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் பக்கத்துத் தெருவிலிருந்து ஐந்து வந்து சேரும். பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை சினைப்படக்கூடியது. 63 நாளில் நாலைந்து குட்டி போடும். தெருவுக்குப் பழகிய நாய் போய்ப் பழகாத நாய் வரும்போது சண்டையும் கடியும் கூடும். தடுப்பூசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றுவிட்டால் போட்ட ஊசியும் வீண்.

தெருநாய் என்று பேச்செடுத்தாலே நம்மிடம் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. சோறு வைக்கிறவர் ஒரு பக்கம், கடிபட்டவர் மறுபக்கம். பதில் சொல்ல வேண்டிய அரசு இருவரையும் மோதவிட்டுவிட்டு ஓரமாக நிற்கிறது. விலங்கின் நலமும் மனிதரின் பாதுகாப்பும் ஒரே நகராட்சி வேலை. குப்பை அள்ளுவதைப் போல, கொசு மருந்து அடிப்பதைப் போல ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டியது. அப்படிச் செய்வதற்கு ஆளும் பணமும் கணக்கும் ஒரே கையில் இல்லாததுதான் இன்றைய குழப்பத்தின் வேர் என்பது என் வாதம்.

தெருநாய் விஷயத்தில் இந்நாட்டு ஆட்சிகள் முதன்முதலில் செய்தவற்றில் ஒன்று, அதன் தலைக்கு விலை வைத்தது. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகம் நாய் ஒன்றுக்கு எட்டணா என்று அறிவித்திருந்தது. காசுக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு நாயையும் விடவில்லை. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் 1832 ஜூனில் கடைகளை அடைத்துவிட்டுக் கலகத்தில் இறங்கினார்கள். படை வந்துதான் அடக்கியது. எட்டணா முறை போனாலும் அதன் பின்னிருந்த எண்ணம் போகவில்லை. இன்னும் பல ஊர்களில் நாய் பற்றிய புகார் வந்தால் அதிகாரிக்கு முதலில் தோன்றுவது, அதை வேறு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்பதுதான்.

1926-இல் அகமதாபாத் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த சுமார் 60 நாய்களைக் கொல்லச் செய்தார். காந்தி அதைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. யங் இந்தியாவில் தொடர்ச்சியாக எழுதிய கட்டுரைகளில் அவர் சாராபாயின் பக்கமே நின்றார். கோபக் கடிதங்கள் குவிந்தன. கொல்லலாம் என்ற அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் வாதத்தின் அடித்தளத்தை இன்று இரண்டு கட்சியும் மறந்துவிட்டன. உரிமையாளர் இல்லாமல் நாய் அலைவது நாயின் குற்றமல்ல, அந்தச் சமூகத்தின் குற்றம். ஒரு பிடி சோற்றை வீசிவிட்டு நகர்ந்துவிடுவது கருணைக் கணக்கில் சேராது என்றார் அவர். ஒரு விலங்குக்கு இரங்குகிறவர்கள் அதைப் பராமரிக்கும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

தெருநாய் பற்றிய அரசின் கவலை தொடக்கத்தில் முழுக்க முழுக்க ரேபிஸ் பற்றியதாக இருந்ததில் நியாயம் உண்டு. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்கிற நோய் அது. 1902-இல் வெறிநாய் கடித்த ஓர் ஆங்கிலப் பெண், சிகிச்சைக்கு வடக்கே கசௌலி வரை போக வேண்டியிருந்த நிலையில் இறந்துபோனார். அதன் விளைவாக எழுந்ததே 1907-இல் திறக்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம். அங்கே ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசிதான் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினாலு ஊசியாக நம் பெரியவர்கள் நினைவில் இருப்பது. அந்த வகை ஊசி 2004-இல்தான் நாட்டில் முழுமையாகக் கைவிடப்பட்டது. இப்போது தோளில் போடுகிறார்கள். ஊசி மாறியது போல நாயைக் கையாளும் முறை மாறவில்லை.

சட்டத்தின் கதையிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசே சட்டம் கொண்டுவரும் என்ற நேருவின் உறுதிமொழியின் பேரில் திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்து வந்ததே 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில் இருந்தது. பிறகு ஹரியானாவுக்குப் போய்விட்டது.

இந்தச் சட்டத்தை இப்போது படித்தாலும் வியப்பாக இருக்கும். முதல்முறை வதை செய்தவருக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். அறுபது ஆண்டுக்கும் மேலாக அதே தொகை. 2022-இல் ஒரு திருத்த வரைவு சுற்றுக்கு விடப்பட்டதோடு சரி. இன்னொரு பக்கம், 11-ஆம் பிரிவு தெருநாய்களை நஞ்சூசி போட்டுக் கொல்வதைக் குற்றம் என்கிறது. அதே பிரிவின் விதிவிலக்கு, கொல்கூடத்தில் வைத்துக் கொல்வதை அனுமதிக்கிறது. 2001-இல் இந்தச் சட்டத்தின்கீழ் வந்த நாய்கள் கருத்தடை விதிகளோ, பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்கின்றன. தாய்ச் சட்டம் ஒன்று சொல்கிறது, அதன் வயிற்றில் பிறந்த விதி வேறொன்று சொல்கிறது. மாநிலங்களின் நகராட்சிச் சட்டங்களோ ஆணையருக்குக் கொல்லும் அதிகாரத்தையே கொடுத்திருந்தன. இந்த முரண்பாட்டை வைத்து வழக்கறிஞர்கள் இருபதாண்டுக்கு மேல் வாதாடினார்கள். 2008-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தொல்லை தரும் நாய்களைக் கொல்லலாம் என்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்து பழையவற்றின் இடத்தைப் பிடித்தன. கொல்வதற்குப் பதில் கருத்தடை என்ற அடிப்படை மாறவில்லை.

விலங்குக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை தந்ததும் நம் ஊர் வழக்குதான். 2014-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பசி தாகமின்மை, வலியின்மை, அச்சமின்மை உள்ளிட்ட ஐந்து விடுதலைகளை விலங்குகளுக்கு உறுதி செய்வது அரசுகளின் கடமை என்றது. 2023 மே மாதம் அதே ஜல்லிக்கட்டை அனுமதித்த அரசியல் சாசன அமர்வு, விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்லும் அளவுக்குப் போக மறுத்துவிட்டது. இதை விலங்கு ஆர்வலர்கள் தோல்வியாகப் பார்த்தார்கள். எனக்கு அதன் மறுபுறம்தான் முக்கியமாகப் படுகிறது. விலங்குக்கு வழக்காடும் உரிமை இல்லையென்றால் அதன் நலம் முழுவதும் சட்டம் அரசின் தலையில் சுமத்தியிருக்கும் கடமையை நம்பியே நிற்கிறது. அந்தக் கடமையில் அரசு வழுவினால் கேட்க ஆளில்லை.

அந்தக் கடமை யார் தலையில் இருக்கிறது? வதைத் தடுப்பு பொதுப்பட்டியலில். மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் செய்யலாம். கால்நடை நோய்த் தடுப்பு மாநிலப் பட்டியலில். 74-ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையின் 15-ஆவது இனம், மாட்டுப்பட்டிகளையும் விலங்கு வதைத் தடுப்பையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. விதியை எழுதுவது டெல்லி, செயல்படுத்துவது உள்ளாட்சி. எந்த அமைப்பு கருத்தடை செய்யலாம் என்று அங்கீகாரம் தருவது ஹரியானாவில் இருக்கும் வாரியம். கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் சில ஆண்டுகள் இந்த வேலையை எடுத்துச் செய்தன. வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று 2021 இறுதியில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதற்கு மாற்றாக அதே அளவில் வேலை செய்ய உடனே யாரும் வரவில்லை. அங்கீகார விதி தேவைதான். கத்தியெடுக்கத் தெரியாதவர் கையில் நாயைக் கொடுக்க முடியாது. ஆனால் ஆளை நிறுத்தும் அதிகாரம் ஓரிடத்திலும் ஆள் தரும் பொறுப்பு வேறிடத்திலும் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரே ஒரு நாய்க்கடியைப் பின்தொடர்ந்து போனால் இது விளங்கும். கடித்த காயம் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு. கடித்த நாய் மாநகராட்சிக்கு. அந்த நாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு. நாயைக் கொழுக்க வைத்த குப்பை, குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு. கடி நடந்தது நகர எல்லைக்கு வெளியே நூறடி தள்ளி என்றால் ஊராட்சிக்கு, அதாவது ஊரக வளர்ச்சித் துறைக்கு. ஆஸ்பத்திரியில் பதிவாகும் கடி விவரம் நாய் பிடிக்கும் வண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். எந்தத் தெருவில் கடி கூடுகிறதோ அங்கே வண்டி முதலில் போக வேண்டும். இவ்வளவு எளிய இணைப்புகூடப் பெரும்பாலான ஊர்களில் இல்லை.

கணக்கே இல்லாதபோது இணைப்பு எங்கிருந்து வரும்? 2024-இல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள், ரேபிஸால் என்று சந்தேகிக்கப்படும் மரணங்கள் 54 என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் பதிவான ரேபிஸ் மரணங்கள் 40-ஐத் தாண்டின. இரண்டும் உண்மையாக இருந்தால் நாட்டின் ரேபிஸ் சாவில் பெரும்பங்கு தமிழ்நாட்டில்தான் என்றாகிவிடும். அது நடக்கிற காரியமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வீடு வீடாகக் கேட்டு நடத்திய ஆய்வின் மதிப்பீடு ஆண்டுக்குச் சுமார் 5,700 மரணங்கள். உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவந்தது 18,000-லிருந்து 20,000. ஐம்பதுக்கும் இருபதாயிரத்துக்கும் இடையே எங்கோ உண்மை கிடக்கிறது. தமிழ்நாட்டின் எண் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் இங்கே ஒழுங்காகப் பதிவு செய்கிறார்கள் என்பதாகவே இருக்கலாம். ஒழுங்காக எண்ணுகிற மாநிலம் கெட்ட பெயர் வாங்குகிறது, எண்ணாத மாநிலம் தப்பித்துக்கொள்கிறது.

சென்னைக்கே திரும்புவோம். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1964-இலிருந்தே கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாநகராட்சி இசைவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1996-இல் தென்சென்னையில் தொடங்கி மற்றப் பகுதிகளுக்கும் திட்டம் பரவியது. அவ்வாண்டு நகரில் 120 பேர் ரேபிஸால் இறந்ததாகவும், அடுத்த பத்தாண்டுக்குள் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதாகவும் அந்த அமைப்பு சொல்கிறது. இதில் முழுப் புகழையும் கருத்தடைக்குக் கொடுத்துவிட முடியாது. மனிதருக்கான நல்ல தடுப்பூசிகள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். ஆனாலும் கொல்வதை நிறுத்தினால் நகரமே ரேபிஸில் மடியும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 2018-இல் எடுத்த கணக்கில் சென்னையில் 57,366 தெருநாய்கள். 2024-இல் எடுத்த கணக்கில் 1.81 லட்சம். ஆறே ஆண்டில் நாய்கள் மும்மடங்கு பெருகியிருக்கும் என்று நம்புவது கடினம். முதல் கணக்கு குறைவாக எண்ணியிருக்கலாம், எண்ணும் முறையும் வேறுபட்டிருக்கலாம். எப்படியானாலும் இடைப்பட்ட காலம் முழுவதும் மாநகராட்சி தவறான எண்ணை வைத்துக்கொண்டு திட்டம் போட்டிருக்கிறது. அதைவிட முக்கியமான எண், 2024 கணக்கெடுப்பில் கருத்தடை ஆன நாய்கள் 27 விழுக்காடு என்பது. பெருக்கம் நிற்க வேண்டுமானால் குறைந்தது 70 விழுக்காடாவது ஆக வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கணக்குப் போட்டால் இன்னும் 78,000 நாய்களுக்குச் செய்ய வேண்டும், அதுவும் குட்டிகள் பிறந்து ஈடுகட்டுவதற்கு முன்பாக. ஆண்டுக்கு இருபதாயிரத்தைக்கூட எட்டாத பழைய வேகத்தில் போனால் முதலில் செய்த நாய்கள் வயதாகிச் செத்திருக்கும், கடைசி நாய் இன்னும் பாக்கி இருக்கும்.

ஏன் வேகம் இல்லை என்பதற்கு விடை அந்த வேலையின் உள்ளேயே இருக்கிறது. நாய் பிடிக்கும் வண்டி பெரும்பாலும் விடியற்காலையில் வரும். வெயில் ஏறினால் நாய்கள் நிறுத்திவைத்த கார்களுக்கு அடியில் புகுந்துகொள்ளும். வலையோடு ஆட்கள் இறங்கி முதல் நாயைப் பிடிப்பதற்குள் மற்றவை கலைந்துவிடும். அடுத்தமுறை அந்த வண்டியின் சத்தம் கேட்டாலே ஓடும். பால் கொடுக்கும் தாய் நாயையும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் பிடிக்கக் கூடாது. பிடித்த இடம் குறித்துக்கொள்ளப்பட வேண்டும். கருத்தடை மையத்தில் கூண்டுக்கு எண். பட்டினி போட்ட பிறகே அறுவை. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு வெட்டு. தெருவில் நீங்கள் பார்க்கும் வெட்டுக்காது நாய் அப்படி வந்ததுதான். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, நான்கு நாளாவது வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெட்டியெடுத்த கருப்பைகளும் விதைகளும் ஃபார்மலின் வாளியில் போட்டுவைக்கப்படும். கண்காணிப்புக் குழு வந்து அவற்றை எண்ணிப் பார்த்துச் சரி என்றால்தான் பில் பாஸாகும்.

அந்த வாளியில் எண்ணுகிற காட்சி இந்தத் திட்டத்தின் குறையையும் காட்டுகிறது. பணம் நாய்க்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுகிறது. மத்திய அரசின் திருத்திய திட்டத்தில் நாய்க்கு 800 ரூபாய், பூனைக்கு 600 ரூபாய் உதவி. சோறு வைத்தவர் கூப்பிட்டால் ஓடிவரும் ஆண் நாயைப் பிடித்தாலும் அதே காசு. காலி மனைப் புதரில் பதுங்கும் பெட்டையை மூன்று நாள் காத்திருந்து பிடித்தாலும் அதே காசு. ஒப்பந்தக்காரர் எதைப் பிடிப்பார்? எண்ணிக்கை ஏறும், தெருவில் குட்டி குறையாது. ஒரு வார்டில் பத்தில் ஏழு நாய்க்காவது காதில் வெட்டு இருக்கிறது என்று நிரூபித்த பிறகு, வார்டுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் முறை வந்தால், வாளியை எண்ணத் தேவையில்லை. தெருவில் நடந்து எண்ணினால் போதும்.

நீதிமன்றங்களுக்கும் பொறுமை போய்விட்டது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், நாய் கடித்த ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய் இழப்பீடு, அதற்கு முதன்மைப் பொறுப்பு அரசே என்றது. அதற்கு முன்பே கேரளத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த சிரிஜகன் குழு கடிபட்டவர்களுக்கு இழப்பீடு பரிந்துரைத்துக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் எட்டு வாரத்தில் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. அத்தனை நாயை வைக்கக் காப்பகம் அங்கே இல்லை. பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடை செய்து ஊசி போட்டு அதே இடத்தில் விடுங்கள், வெறியும் மூர்க்கமும் உள்ளவற்றை மட்டும் விடாதீர்கள் என்றது. எல்லா மாநிலங்களையும் வழக்கில் சேர்த்தது. அக்டோபர் இறுதியில் பார்த்தால் மேற்கு வங்கம், தெலங்கானா, டெல்லி மாநகராட்சி தவிர யாரும் பதில் மனுவே தாக்கல் செய்யவில்லை. தலைமைச் செயலாளர்களை நேரில் வரச் சொன்னது நீதிமன்றம். நவம்பர் 7 அன்று பள்ளி, ஆஸ்பத்திரி, விளையாட்டு அரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றவும், அகற்றியவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

ஆஸ்பத்திரி வார்டில் நாய் நுழையக் கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் அகற்றிய நாயை எங்கே வைப்பது, மாதாமாதம் அதற்குச் சோறு யார் போடுவது என்பதற்கு விடையில்லாத உத்தரவு, காப்பகம் என்ற பெயரில் நோய்க்கிடங்கைத்தான் உண்டாக்கும். துருக்கி 2024-இல் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சட்டம் போட்டது. சுமார் 40 லட்சம் நாய்கள் உள்ள நாட்டில் அன்று இருந்த காப்பக இடம் ஒரு லட்சம் சொச்சம்.

மாடுகளின் கதை வேறு. அலையும் மாட்டுக்குப் பெரும்பாலும் உரிமையாளர் உண்டு. காலையில் பால் கறந்துகொண்டு தெருவில் விட்டுவிடுகிறார். 1871-இலிருந்தே கால்நடை அத்துமீறல் சட்டமும் அடைத்துவைக்கும் பட்டியும் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமியை மாடு முட்டிய காணொளியைப் பார்க்காதவர் குறைவு. மாநகராட்சி அபராதத்தை ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஏற்றியது. அபராதம் ஏறினால் மாட்டுக்காரர் திருந்துவார் என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. மேய்ச்சல் நிலம் முழுவதும் மனையாகிவிட்ட நகரத்தில் மாடு வளர்ப்பை அனுமதிப்பதா, இல்லையென்றால் வளர்ப்பவருக்கு வேறு இடம் தருவதா என்பதை அரசு முடிவு செய்தாக வேண்டும்.

மறுபடி நாய்க்கு வருவோம். செய்ய முடியாத வேலையா இது? கோவாவில் மாநில அரசும் மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பும் சேர்ந்து, ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. ஒவ்வொரு நாய்க்கும் எந்தத் தெருவில் ஊசி போடப்பட்டது என்பது கைபேசிச் செயலியில் பதிவானது. விட்டுப்போன தெருவுக்கு மறுநாள் ஆட்கள் போனார்கள். பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாயிடம் எப்படி நடந்துகொள்வது, கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். 2017 செப்டம்பருக்குப் பிறகு அங்கே ரேபிஸ் மனித மரணம் இல்லை என்றும், நாய்களில் ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்தது என்றும் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் 2022-இல் கட்டுரை வந்தது. பூடான் 2009-இல் தொடங்கிய வேலையை 2023 அக்டோபரில் முடித்து, நாட்டின் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை ஆகிவிட்டது என்று அறிவித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்கள். மக்கள்தொகை எட்டு லட்சத்தைத் தொடாத நாடு அது, நம்மோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஒரு மாநகராட்சியோடு ஒப்பிடலாம். சென்னையில் உள்ள நாய்களும் பூடான் செய்து முடித்த நாய்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பூடானில் விட்டுவிட்டுச் செய்யாமல் தொடர்ந்து செய்தார்கள், கடைசிக் கட்டத்தில் தன்னார்வலர்களை முழுவீச்சில் இறக்கினார்கள்.

இத்தனை சொன்ன பிறகும், கருத்தடையும் ஊசியும் விலங்கு நலத்தின் ஒரு பகுதிதான். பஸ்ஸில் அடிபட்டு இடுப்பு முறிந்து கிடக்கும் நாய்க்கு ராத்திரி பதினோரு மணிக்கு யார் வருவார்? பெரும்பாலும் தொண்டு நிறுவனத்தின் வண்டி, இல்லாவிட்டால் யாரும் இல்லை. 2023 விதிகள், தீராத நோயும் பிழைக்க முடியாத காயமும் உள்ள நாயைக் கால்நடை மருத்துவர் வலியின்றி விடுவிக்க வழி செய்கின்றன. அதைச் செய்ய அரசு டாக்டர் அந்த நேரத்தில் இல்லை என்பதால் நாய் சாக்கடை ஓரத்தில் இரண்டு நாள் கிடந்து சாகிறது. கொல்லக் கூடாது என்று விதி எழுதிவிட்டு, உயிரோடு இருப்பதைக் கவனிக்க ஆள் போடாமல் விட்டால் அதுவும் வதைதான்.

சோறு வைப்பவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இடமும் நேரமும் குறித்து, பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளிச் சோறு வைக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர்கள் குடியிருப்போர் சங்கமும் உள்ளாட்சியும் என்கிறது 2023 விதி. நடைமுறையில் அந்தப் பெண்மணியோ பெரியவரோ தனியாகத் திட்டு வாங்குகிறார். நாயைப் பிடிக்க வரும் ஊழியர்களுக்கு உண்மையில் மிகப் பெரிய உதவி இவர்கள்தான். எந்த நாய் எங்கே படுக்கும், எது குட்டி போட்டிருக்கிறது என்பதை இவர்களைவிட அறிந்தவர் இல்லை. மறுபக்கம், கடிபடுகிறவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. கதவும் காவலாளியும் உள்ள அடுக்ககத்தில் இருப்பவர்களைவிட, நள்ளிரவில் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவர்கள், விடிவதற்கு முன் தெருவைக் கூட்டுகிறவர்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள், குடிசைக்கு வெளியே விளையாடும் பிள்ளைகள் ஆகியோரே அதிகம் ஆபத்தில் இருப்பவர்கள். நாய்ப் பிரியர்கள் இதைச் சத்தமாகச் சொன்னால் அவர்கள் பேச்சுக்கு மதிப்புக் கூடும்.

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் வார்டுக்குள் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. சாலை, தெருவிளக்கு, குடிநீர் பற்றிக் கேட்கும் இடத்தில் இதையும் கேளுங்கள். நம் பகுதியில் எத்தனை நாய்? அதில் வெட்டுக்காது எத்தனை? கடைசியாக எந்த மாதம் ஊசி போட்டார்கள்? போன ஆண்டு எத்தனை பேரை நாய் கடித்தது? அடிபட்ட விலங்குக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்? ஐந்து கேள்விக்கும் பதில் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். வரவில்லையென்றால் அடுத்த கூட்டத்தில் மறுபடி கேளுங்கள்.